புழு மருந்து கொடுத்தும் குதிரை லத்தியில் முட்டை குறையவில்லை, என்ன செய்யலாம்?

கேள்வி:
ஆறு குதிரைகளுக்கும் ஃபென்பெண்டசோல் பேஸ்ட் கொடுத்தோம், எல்லாவற்றுக்கும் 300 கிலோ கணக்கில். பெரிய குதிரைக்கு முன்பு லத்தி கிராமுக்கு 800 ஸ்ட்ராஞ்சைல் (குதிரைக் குடலில் வாழும் உருண்டைப்புழு வகை) முட்டை, 14 நாள் கழித்து 500. மருந்தை இரட்டிப்பாக்கலாமா? நான்கு மாதக் குட்டி ஒன்றும் இருக்கிறது.

பதில் 1:
இரட்டிப்பு வேண்டாம், முதலில் எடையைப் பாருங்கள். நெஞ்சுச் சுற்றளவை (செ.மீ.) அதே எண்ணால் பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்ட முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 11,880-ஆல் வகுத்தால் கிலோ கிடைக்கும். சுற்றளவு 170, நீளம் 160 என்றால் 389 கிலோ. கிலோவுக்கு 5 மி.கி. தேவைப்படும் இடத்தில் 3.9 தான் போயிருக்கும். வாயில் புல் இருந்தால் பேஸ்ட்டையும் சேர்த்துத் துப்பிவிடும். வாயைக் கழுவி, நாக்கின் பின்பக்கம் வைத்து, விழுங்கும்வரை தலையைத் தூக்கிப் பிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
அளந்தேன், 385 கிலோ வருகிறது. அப்படியானால் எடைதான் காரணமா?

பதில் 2:
அது மட்டும் என்று தோன்றவில்லை. முட்டை 37.5 சதவீதம்தான் குறைந்திருக்கிறது, இந்த மருந்துக்கு 90-க்கு மேல் குறைய வேண்டும். சிறு ஸ்ட்ராஞ்சைல்கள் ஃபென்பெண்டசோலுக்கு மசியாதது உலகெங்கும் சகஜம். அதையே கூட்டிக் கொடுத்தால் தாக்குப்பிடிக்கும் புழுதான் பெருகும். கால்நடை மருத்துவரிடம் கேட்டு வேறு வகைப் புழு மருந்தான ஐவர்மெக்டின் (கிலோவுக்கு 0.2 மி.கி.) கொடுத்து, 14-ஆம் நாள் மறுபடி எண்ணுங்கள். மாட்டுக்கான ஊசி மருந்தைக் குதிரைக்குப் போடவே கூடாது.

ஆறையும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் ஒன்றிரண்டுதான் முட்டையைக் கொட்டும். கிராமுக்கு 200 முட்டைக்குக் கீழே உள்ள வளர்ந்த குதிரைகளுக்கு ஒவ்வொரு சுற்றிலும் மருந்து தேவைப்படாது. லத்தி புதிதாக இருக்க வேண்டும். காற்றை வெளியேற்றிப் பையில் கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் முட்டை பொரிந்து எண்ணிக்கை பொய்யாகக் குறையும். 4 கிராம் லத்தியை 26 மி.லி. செறிந்த உப்புக் கரைசலில் கலக்குங்கள். மெக்மாஸ்டர் தட்டின் (நுண்ணோக்கியில் முட்டை எண்ணும் கண்ணாடித் தட்டு) இரு அறைகளிலும் எண்ணியதைக் கூட்டி 25-ஆல் பெருக்கினால் கிராமுக்கான எண்ணிக்கை.

பதில் 3:
குட்டியை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதற்குப் பெரிய உருண்டைப்புழுதான் ஆபத்து, அது ஐவர்மெக்டினுக்கு அடங்காத இடங்கள் பல. வயிறு உப்பி, முடி சொரசொரத்துப் புழு நிறைய இருந்தால், புழுவை மரக்கச் செய்யும் மருந்தில் அவை திரண்டு சிறுகுடலை அடைத்துவிடலாம். எதை, எவ்வளவு என்பதை மருத்துவர் நேரில் பார்த்தே சொல்லட்டும். மேயும் இடத்தில் லத்தியை வாரம் இருமுறை அள்ளுங்கள், பச்சை லத்தியை அங்கே எருவாகப் பரப்பாதீர்கள்.