வோதர், உன்னஸ்: தண்ணீருக்கு இரண்டு சொல்லடி எதற்கு?

காரைக்குடி முகப்பு:
என் கதைக்காக ஒரு மொழி கட்டிக்கொண்டிருக்கிறேன். சமஸ்கிருதம், லத்தீன், ஆங்கிலம் எல்லாவற்றுக்கும் தாயான மூல இந்தோ-ஐரோப்பியத்திலிருந்து பிறந்ததாக வைத்திருக்கிறேன். இரண்டே ஒலிமாற்றங்கள்தான். உயிர்களுக்கு நடுவில் வரும் ஸகரம் ரகரமாகும். த்ன் என்பது ன்ன் ஆகும். அதனால் குலம் கெனொஸ், குலத்தின் கெனெரொஸ். தண்ணீர் வோதர், தண்ணீரின் என்பது உத்னஸ் ஆக இருந்து உன்னஸ் ஆகிவிட்டது. இதை அப்படியே விடப்போகிறேன்.

தேவகோட்டை வாசகன்:
கெனொஸ் சரி, அண்ணே. வோதர், உன்னஸ் வேண்டாம். இரண்டுக்கும் பொதுவாக ஒரு மெய்யொலிகூட இல்லை. பேசுகிறவர்கள் ஒரு பக்கத்தை மறு பக்கத்துக்கு இழுத்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் ரகரம் வென்று வாட்டர் ஆனது, சுவீடிஷில் னகரம் வென்று வத்தென் ஆனது. தினமும் புழங்கும் சொல்லே நிற்கவில்லையே?

காரைக்குடி முகப்பு:
அதே குடும்பத்துப் பழைய மொழியான ஹிட்டைட்டில் நின்றது, தம்பி. வாதர், அதன் ஆறாம் வேற்றுமை விதெனஸ். களிமண் பலகைகளில் இருக்கிறது. நாமும்தான் ஆறு என்கிறோம், ஆற்றை என்கிறோம். எண் ஆறு என்றால் ஆறில். தண்ணீர் ஓடும் ஆறு என்றால் ஆற்றில். யாரும் குழம்புவதில்லை.

பள்ளத்தூர் ஆச்சி:
மகள் வயிற்றுப் பேரன் மூன்று வயதில் "வீடுல", "கிணறுல" என்றுதான் சொன்னான். யாரும் திருத்தவில்லை. மறு வருஷம் தானாகவே "வீட்டுல", "கிணத்துல" என்று வந்துவிட்டது. ரோடு வெளியூர்ச் சொல், அதுவும் "ரோட்டுல" ஆகிவிட்டது பாருங்கள்.

தேவகோட்டை வாசகன்:
ஆச்சி, அதைத்தான் நானும் சொல்கிறேன். ரோட்டுக்குத் துணையாக வீடு, காடு, நாடு, மாடு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உன்னஸுக்கு யார் துணை? தனியாக நிற்கும் சொல் சாய்ந்துவிடும்.

காரைக்குடி முகப்பு:
துணை உண்டு. சமஸ்கிருதத்தில் கல்லீரல் யக்ருத், ஆறாம் வேற்றுமையில் யக்னஸ். லத்தீனில் தொடை ஃபெமுர், ஃபெமினிஸ். எழுவாயில் ரகரம், ஆறாம் வேற்றுமையில் னகரம்; வோதர், உன்னஸ் போலவே.

தேவகோட்டை வாசகன்:
அந்த லத்தீனிலேயே ஃபெமொரிஸ் என்றும் வந்துவிட்டது!

பள்ளத்தூர் ஆச்சி:
லத்தீன் என்றால் ஹொனோஸையும் பாருங்கள். மரியாதை என்று பொருள். ஹொனோரிஸ் என்ற வடிவைப் பார்த்து எழுவாயும் ஹொனோர் ஆயிற்று. ஆனால் ஃப்ளோஸ், ஃப்ளோரிஸ் என்ற பூ மாறவே இல்லை. ஒலிமாற்றம் இரண்டுக்கும் ஒன்றுதான். நீளமான சொல் சமனாகிவிட்டது, ஓரசைச் சொல் நின்றுவிட்டது. நீங்கள் இருவரும் எல்லாவற்றையும் விடலாமா, எல்லாவற்றையும் சரிசெய்யலாமா என்றே கேட்கிறீர்கள். மொழி அப்படிச் செய்வதில்லை.

காரைக்குடி முகப்பு:
ஆச்சி சொல்வது மனதில் பதிந்துவிட்டது. கல்லீரலைச் சமனாக்கி யெகர், யெகரஸ் என்று வைக்கிறேன். எத்தனை பேர் அன்றாடம் கல்லீரலைப் பற்றிப் பேசுகிறார்கள்? தண்ணீரை மட்டும் தொடமாட்டேன். என் கதையில் ஊருணிக்குப் போகாதவர் யாருமில்லை.

தேவகோட்டை வாசகன்:
தண்ணீர் விஷயத்தில் எனக்கு இன்னும் சம்மதம் இல்லை, அண்ணே. ஆனால் உன்னஸ் இருக்கட்டும். அப்புறம், கதையில் ஒரு குழந்தையாவது ஊருணிக் கரையில் நின்று "வோதரஸ்" என்று சொல்லட்டும்.