பெருமளவு உள்வருவதைக் குறிக்கும் சொல்: உதவி தேவை

மாணவர்களுக்கான ஒத்தசொல் அகராதி ஒன்றைத் தொகுத்து வருகிறேன். அதில் ‘இன்ஃப்ளக்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குரிய பதிவை மட்டும் முடிக்க இயலவில்லை. உள்நோக்கிய திசை, பெரிய அளவு ஆகிய இரண்டும் அதன் பொருளில் உள்ளன.

நீருக்கும் சரக்குக்கும் சிக்கலில்லை: ‘அணைக்கு நீர்வரத்து அதிகரித்தது’, ‘சந்தைக்கு வரத்து குறைந்தது’ என்று அன்றாடம் எழுதுகிறோம். பணத்துக்கு ‘முதலீடு குவிந்தது’ என வினையாகச் சொன்னால் இயல்பாக அமைகிறது. மனிதர்களைப் பற்றி எழுதும்போதுதான் தடுமாற்றம். ‘அகதிகள் வரத்து’ என்றால் அவர்கள் சரக்காகிவிடுகிறார்கள். ‘படையெடுப்பு’ என்பதோ அடைக்கலம் தேடி வருபவர்களைப் பகைவர்களாகக் காட்டுவதால், அதைச் சேர்க்க எனக்கு மனமில்லை. ‘மக்கள் வெள்ளம்’ கூட்டத்தின் அளவைச் சொல்கிறதே தவிர, உள்ளே வருவதைச் சொல்வதில்லை. ‘வருகை’ ஒரே ஒரு விருந்தினர் வந்தாலும் பொருந்தும். ‘குடியேற்றம்’ தங்கி வாழ்வதைக் குறிப்பது. ‘பெருவருகை’ என்று ஆக்கிப் பார்த்தேன். பேச்சில் அது ஒட்டவில்லை. இம்மாத இறுதியில் பதிவு அச்சுக்குப் போக வேண்டும்.

‘சில வாரங்களாக எல்லையோர ஊர்களுக்கு அகதிகளின் ____ அதிகரித்துள்ளது’ என்ற தொடரில், இழிவோ பகையோ தொனிக்காமல், நீங்கள் எந்தச் சொல்லை இடுவீர்கள்?