அடிக்காமல் ஜெயித்த தினேஷும் ஊத்தங்கரைப் பெரியப்பாவும்

குழு: மாந்தோப்பு உறவுகள்
ஞாயிறு காலை

தினேஷ்: நேற்று சேலத்தில் நடந்த காலேஜ் குத்துச்சண்டை மேட்ச் வீடியோ. 5-0ல் ஜெயித்தேன் 🥊

லதா அத்தை: முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. முருகா, அது போதும்.

செல்வி அக்கா: வாழ்த்துகள்டா தம்பி 👏👏

பெரியப்பா: வாழ்த்துகள் மாப்பிள்ளை. முழுசாகப் பார்த்தேன். ஒரு சந்தேகம். மூன்று ரவுண்டும் நீ பின்னால்தான் போய்க்கொண்டிருந்தாய். அந்தப் பையன் துரத்திக்கொண்டே இருந்தான். உனக்கு எப்படிக் கொடுத்தார்கள்?

தினேஷ்: துரத்தினான் மாமா, அடி விழவில்லை. என் ஜாப், அதாவது முன்கையை நீட்டி விடுகிற குத்து, அவன் மேல் விழுந்தது. ஐந்து நடுவர்களும் அதைத்தான் எண்ணுவார்கள்.

பெரியப்பா: நடுவருக்குச் சரி. பார்க்க வந்தவனுக்கு? இரண்டாவது ரவுண்டில் நான் எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் அதே மாதிரி சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

பிரபு: 😂😂 அப்பா, வீடியோவை நிறுத்திவிட்டுப் போகக் கூடாதா?

பெரியப்பா: நிறுத்த வேண்டிய அவசியமே வரவில்லையே.

ஓசூர் சித்தப்பா: நைட் ஷிஃப்ட் முடித்து இப்போதுதான் வந்தேன். அண்ணன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ரிகண்டோ என்று ஒரு கியூபாக்காரர், 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். 2013 ஏப்ரலில் நியூயார்க்கில் நோனிட்டோ டோனேரோடு மோதினார். டோனேர் இடது கையை வீசினால் ஆள் காலி. அவரை ரிகண்டோ கிட்டவே சேர்க்கவில்லை. பத்தாவது ரவுண்டில் ஒரு தடவை கீழே விழுந்தார். எழுந்து மறுபடி அதே ஆட்டம், பாயிண்டில் ஜெயித்தார். ஜெயித்து என்ன? சண்டைக்கு ஏற்பாடு செய்த பாப் ஆரமே இவரை வைத்துக் கூட்டம் சேர்ப்பது கஷ்டம் என்று அலுத்துக்கொண்டார். அடுத்த பெரிய சண்டை 2017 டிசம்பரில்தான். அதுவும் இரண்டு எடைப் பிரிவு மேலே ஏறி உக்ரைன்காரர் லோமாசென்கோவோடு. ஆறு ரவுண்டு முடிந்ததும் கை போய்விட்டது என்று ஸ்டூலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

தினேஷ்: டோனேர் சண்டையை நாங்கள் நிறுத்தி நிறுத்திப் பார்ப்போம் மாமா. கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்தாலே ஒரு மணி நேரம் போகும்.

பெரியப்பா: அது பழகுகிறவனுக்கு. டிக்கெட் வாங்கினவன் நிறுத்தி நிறுத்தியா பார்ப்பான்?

செல்வி அக்கா: நடுவில் கேட்கிறேன், சந்தூர் பக்கம் செந்தூரா மாம்பழம் என்ன விலை போகிறது?

பெரியப்பா: சாயந்திரம் போன் பண்ணும்மா.

நித்யா: அப்படியானால் அமெரிக்காவின் மேவெதர்? அவரும் தற்காப்பு ஆட்டக்காரர்தானே. உலகமே பார்த்ததே?

ஓசூர் சித்தப்பா: நல்ல கேள்வி. 2015 மே மாதம், நமக்கு ஞாயிற்றுக்கிழமை காலை, பிலிப்பைன்ஸின் பாக்கியாவோடு மேவெதர் மோதினார். அமெரிக்காவில் ஏறத்தாழ 100 டாலர் கட்டி 46 லட்சம் இணைப்புகளில் பார்த்தார்கள். பாக்கியாவ் வீசியது 429 குத்து, விழுந்தது 81. இப்படித் தப்பிப்பது சாதாரண விஷயமா? ஆனால் காசு கட்டினவர்கள் தூங்கி வழிந்தார்கள். மேவெதர் விற்றது தற்காப்பை இல்லை நித்யா, திமிரை. பணக்கட்டைத் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தார். இவன் என்றைக்காவது உதை வாங்குவான், அதைப் பார்க்க வேண்டும் என்றே பாதிப் பேர் வந்திருப்பார்கள். 50 சண்டை ஆடியும் தோற்கவில்லை. ரிகண்டோவைத் திட்டக்கூட யாரும் வரவில்லை, பாவம்.

லதா அத்தை: என் பையன் திமிரெல்லாம் காட்ட வேண்டாம்.

பிரபு: கபடியிலும் இந்தத் தொல்லை இருந்தது அப்பா. ரெய்டு போகிறவன் யாரையும் தொடாமல் திரும்பி வந்துகொண்டே இருப்பான், முன்னிலையில் இருக்கிற அணி நேரத்தை ஓட்டிவிடும். அப்புறம்தான் புரோ கபடியில் விதி போட்டார்கள். இரண்டு ரெய்டு வெறுமனே போனால் மூன்றாவதில் பாயிண்ட் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். இப்போது அந்த மூன்றாவது ரெய்டுக்குத்தான் கூட்டம் கத்துகிறது.

பெரியப்பா: அந்த விதியைக் குத்துச்சண்டைக்கும் கொண்டுவரட்டும்.

லதா அத்தை: அண்ணா, கபடியில் தலையில் குத்து விழாது. முகமது அலிக்கு நடுக்கு வாதம் என்று சொன்னபோது வயது 42. நம் எல்லோருக்கும் பிடித்த ஆட்டக்காரர்தான். கைதட்டினவர்கள் யாரும் அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கப் போகவில்லை. இவன் பின்னால் போனால் போகட்டும். உங்களுக்குப் பொழுது போகவில்லை என்றால் சீரியல் பாருங்கள்.

பிரபு: 🙏

பெரியப்பா: லதா, நான் அடி வாங்கச் சொல்லவில்லைம்மா. கோபப்படாதே.

ஓசூர் சித்தப்பா: அக்கா சொல்வதுதான் முதல் விஷயம். அதை வைத்துக்கொண்டே ஒன்று சொல்கிறேன். ஷகூர் ஸ்டீவன்சன் என்று ஒரு பையன், ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி. 2023 நவம்பரில் டி லாஸ் சான்டோஸோடு 12 ரவுண்டு. இரண்டு பேரும் சேர்ந்து இறக்கியதே 105 குத்துதான். அடுத்த ஜூலையில் சொந்த ஊர் நியூவார்க்கில் ஆடினார், ஊர்க்காரர்களே கூச்சல் போட்டார்கள், முடியும் முன்னாலேயே கிளம்பினார்கள். 2025 ஜூலையில் மெக்சிகோவின் செபேடா. அந்த ஆள் நிறுத்தாமல் கை வீசுகிறவர். இந்தத் தடவை ஸ்டீவன்சன் ஓடவில்லை. எதிரி கை எட்டுகிற இடத்திலேயே நின்று, தலையைத் திருப்பி, தோளில் வாங்கி, திருப்பி அடித்தார். மூன்று நடுவர்களும் அவருக்கே கொடுத்தார்கள், பெரிய வித்தியாசத்தில். அதுவும் தற்காப்புதான் அண்ணா. ஆனால் அன்றைக்கு நான் டீ போடக்கூட எழுந்திருக்கவில்லை.

நித்யா: அப்படியென்றால் தள்ளி நின்றால் அவர் தப்பிப்பதே நமக்குத் தெரியாது. பக்கத்தில் நின்றால்தான் தெரியும்.

ஓசூர் சித்தப்பா: அவ்வளவுதான். ஹெவிவெயிட் சாம்பியன் கிளிட்ஸ்கோவைப் பாருங்கள், பெரும்பாலும் ஜெர்மனியில் ஆடியவர், ஒன்பது வருடம் ஜாப் போட்டுக் கட்டிப்பிடித்து ஜெயித்தார். ஜெர்மனியைத் தாண்டினால் அலுப்பு என்றார்கள். 2017ல் லண்டன் வெம்ப்ளியில் இங்கிலாந்தின் ஜோஷுவாவோடு விழுந்து எழுந்து ஆடி, தோற்ற அன்றைக்குத்தான் எல்லோரும் கொண்டாடினார்கள்.

பெரியப்பா: அது அநியாயம். ஜெயித்தபோது இல்லாத மரியாதையா?

பிரபு: காலையிலிருந்து நீங்கள் சொல்வதே அதுதானே அப்பா 😂

தினேஷ்: கோச்சும் இதைத்தான் நேற்று சொன்னார். நீ இரண்டடி தள்ளிப் போகிறாய், அரை அடி போதும், அப்போதுதான் திருப்பி அடிக்கக் கை எட்டும் என்றார். அதற்கு இன்னும் கண் பழகவில்லை மாமா. கண் சிமிட்டிவிடுகிறேன்.

லதா அத்தை: அரை அடியா? யார் அந்த கோச், நம்பர் அனுப்பு.

தினேஷ்: அம்மா 😅

பெரியப்பா: கண் பழகும் வரைக்கும் இரண்டடியே இருக்கட்டும் மாப்பிள்ளை. அடுத்த மேட்ச் எங்கே?

தினேஷ்: தருமபுரியில்தான் மாமா, அடுத்த மாதம். நேரில் வாருங்கள்.

பெரியப்பா: வருகிறேன். மாட்டைப் பிரபு பார்த்துக்கொள்வான். ஆனால் மூன்றாவது ரவுண்டில் எனக்காக ஒரே ஒரு வலது கை…

லதா அத்தை: அண்ணா!