மினி எக்ஸ்கவேட்டரில் கழன்ற ரப்பர் டிராக்கை மாட்டுவது எப்படி?

கேள்வி: சரிவில் திரும்பும்போது எங்கள் மினி எக்ஸ்கவேட்டரின் இடது ரப்பர் டிராக், முன்புற ஐட்லரிலிருந்து (டிராக் சுற்றிவரும் முன்சக்கரம்) கழன்றுவிட்டது. பணிமனைக்குக் கொண்டுசெல்லாமல் அங்கேயே மாட்ட இயலுமா?

பதில் 1: இயலும். பூமை (பக்கெட்டைத் தாங்கும் கை) இடப்பக்கம் திருப்பி, பக்கெட்டையும் மண்தள்ளும் பிளேடையும் தரையில் ஊன்றி அந்தப் பக்கத்தைத் தூக்கிய பின், அடிச்சட்டத்தின் கீழ் உறுதியான மரக்கட்டைகளை வையுங்கள்; ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி எவரும் அடியில் கை நீட்டக் கூடாது. கிரீஸ் அழுத்தத்தால் ஐட்லரை முன்னே தள்ளி டிராக்கை இறுக்கும் டென்ஷன் சிலிண்டரின் கிரீஸ் வால்வைத் தளர்த்தி, ஐட்லரைப் பின்னுக்குத் தள்ளுங்கள். டிராக்கை முதலில் அதை ஓட்டும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பற்களில் பொருத்தி, பிறகு கடப்பாரையால் நெம்பி ஐட்லரின் மேல் ஏற்றுவதே எளிது. ஸ்ப்ராக்கெட்டைச் சிறிது சிறிதாகவே சுழற்றுங்கள். சுழலும்போது ஒருவரும் அருகில் நிற்க வேண்டாம்.

பதில் 2: அந்த வால்வை முழுவதுமாகக் கழற்றிவிடாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் தோலைத் துளைத்துச் செல்லுமளவு அழுத்தம் கொண்டது; ஆகவே பக்கவாட்டில் நின்று, ஒரு சுற்றுக்கு மேற்படாமல் தளர்த்துங்கள்.

பதில் 3: வால்வைத் திறந்தும் ஐட்லர் நகராவிட்டால், பெரும்பாலும் அதன் பின்னால் இறுகிய மண்ணே காரணம், சுரண்டி எடுங்கள். மாட்டியபின் கிரீஸ் கன்னால் இறுக்கி, கையேட்டில் சொல்லியுள்ள தொய்வு இருக்கிறதா என்று டிராக்கைத் தூக்கிய நிலையிலேயே அளந்து பாருங்கள். சில நாள்களில் மீண்டும் தளர்ந்தால், டிராக்கைக் குறை சொல்லாமல் சிலிண்டரில் கிரீஸ் கசியாமல் தடுக்கும் சீலைச் சோதியுங்கள்.