ரஷ்ய உள்நாட்டுப் போருக்குப் படை அனுப்பிய நாடுகளில் சொந்த மக்களே எதிர்த்தார்களா?

வரலாறு_டீச்சர்:

வணக்கம். பள்ளியில் வரலாறு எடுக்கிறேன். போன வாரம் ரஷ்யப் புரட்சிப் பாடம். 1918-இல் இங்கிலாந்து, பிரான்ஸ், அமெரிக்கா, ஜப்பான் எல்லாம் செம்படைக்கு (லெனினின் போல்ஷ்விக் அரசின் படை) எதிராக, அந்த அரசை எதிர்த்த வெள்ளைப் படைக்கு ஆதரவாக ரஷ்யாவுக்குள் படை இறக்கின, 1920-க்குள் ஜப்பான் தவிர மற்றவர்கள் அநேகமாகக் கிளம்பிவிட்டார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போகப் பார்த்தேன். கடைசி பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்து, "மிஸ், நாலு வருஷம் உலகப் போர்ல கிடந்துட்டு இப்பத்தான வீட்டுக்குப் போகப் போறாங்க, அடுத்த ஊர்க்காரன் சண்டைக்கு நான் ஏன் போகணும்னு ஒருத்தர்கூடக் கேக்கலையா?" என்றான்.

என்னிடம் பதில் இல்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லி வந்துவிட்டேன், ஒரு வாரம் ஆகிறது. வியட்நாம் போருக்கு எதிர்ப்பு இருந்தது எல்லோருக்கும் தெரியும், 2003-இல் இராக் விஷயத்திலும் தெரியும். ஆனால் 1918-லேயே அப்படி ஏதாவது நடந்ததா? நடந்தது என்றால் அதனால் ஏதாவது மாறியதா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

துறைமுகத்தான்:

நடந்தது டீச்சரம்மா, நன்றாகவே நடந்தது. நான் தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பது வருஷம் டேலி கிளார்க்காக இருந்தவன். கப்பலில் ஏறுகிற ஒவ்வொரு பெட்டியின் குறியையும் எண்ணையும் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. அதனாலோ என்னவோ, இந்த வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு முதலில் கண்ணில் படுவது பெட்டிமேல் என்ன எழுதியிருந்தது என்பதுதான்.

1920 மே 10, லண்டன், ஈஸ்ட் இந்தியா டாக். ஜாலி ஜார்ஜ் என்று ஒரு கப்பல். செம்படையோடு போரிட்டுக்கொண்டிருந்த போலந்துப் படை கீவ் நகரத்தைப் பிடித்து மூன்றே நாள்தான் ஆகியிருந்தது. ஏற்ற வேண்டிய பெட்டிகளில் போலந்துக்கான போர்த்தளவாடம் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தது. அதைப் பார்த்த தொழிலாளிகள் ஏற்ற மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். ஹாரி பாலிட் என்று ஒரு கொதிகலன் தொழிலாளி, அதற்கு முன் பல மாதமாக அந்தத் துறைமுகப் பகுதி முழுக்கத் துண்டறிக்கை கொடுத்து, தெருமுனையில் பேசி, இந்தப் போருக்கு நம் கையால் ஒரு ஆணிகூடப் போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்செல்லாம் பலித்தது அன்றைக்குத்தான். தொழிற்சங்கத் தலைவர் எர்னஸ்ட் பெவின் சங்கம் உங்கள் பின்னால் நிற்கும் என்று சொல்லிவிட்டார்.

இதில் நான் திரும்பத் திரும்ப நினைப்பது கரி ஏற்றுகிறவர்களை. பெட்டி ஏற்ற அரசு வேறு ஆட்களைக் கொண்டுவரலாம். ஆனால் கப்பலுக்கு நிலக்கரி போடுகிறவர்களும் கையைக் கட்டிக்கொண்டார்கள். கரி இல்லாத நீராவிக் கப்பல் வெறும் மிதக்கிற இரும்பு. துறையில் கப்பல் ஒரு நாள் சும்மா நின்றால் என்ன செலவு, முதலாளிக்கு எப்படி வயிறு எரியும் என்று கண்ணால் பார்த்தவன் நான். சில நாளில் ஆயுதங்களைத் திரும்ப இறக்கி வைத்துவிட்டு, அவை இல்லாமல்தான் அந்தக் கப்பல் கிளம்பியது.

இதற்கு முந்தைய வருஷமே, 1919 செப்டம்பரில், அமெரிக்காவின் சியாட்டில் துறைமுகத்தில் தையல் மிஷின் என்று எழுதிய பெட்டிகள் வந்தன. உள்ளே இருந்தது துப்பாக்கி, சைபீரியாவில் கொல்சாக்கின் வெள்ளைப் படைக்கு. அங்கேயும் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். பெட்டியில் பொய் எழுதி அனுப்ப வேண்டியிருந்தது என்றால், உண்மையை எழுதினால் ஏறாது என்று அனுப்பினவனுக்கே தெரிந்திருக்கிறது, இல்லையா.

பனிக்காடு:

ஐயா துறைமுகத்தைச் சொல்லிவிட்டார். டீச்சரின் மாணவன் கேட்டது சிப்பாய்களைப் பற்றி. அதற்கு வருகிறேன்.

1918 நவம்பர் 11 அன்று உலகப் போர் முடிந்தது, லண்டனிலும் பாரிசிலும் மக்கள் தெருவில் ஆடிப்பாடினார்கள். அதே நாளில் வடக்கு ரஷ்யாவில், துவினா ஆற்றங்கரையில், துல்காஸ் என்ற கிராமத்தில் அமெரிக்க, கனடிய, ஸ்காட்லாந்து வீரர்கள் செம்படையோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம் போன அமெரிக்க வீரர்கள் ஏறத்தாழ 5,000 பேர், பெரும்பாலும் மிச்சிகன் மாநிலத்துப் பையன்கள். ஜெர்மனியோடு சண்டை என்று சொல்லிப் படையில் சேர்த்தார்கள். ஜெர்மனி தோற்றாயிற்று, அப்புறம் நாங்கள் எதற்கு இந்தப் பனியில் கிடக்கிறோம் என்ற கேள்விக்கு அவர்களுடைய அதிகாரிகளிடமே சரியான பதில் கிடையாது. ஊரில் குடும்பங்கள் மனுமேல் மனு போட்டன. 1919 மார்ச் கடைசியில் ஒரு கம்பெனி வீரர்கள் போர்முனைக்குத் திரும்பத் தயங்கி நிற்க, கர்னலே நேரில் வந்து பேச வேண்டியதாயிற்று.

அமெரிக்க செனட்டில் ஹைராம் ஜான்சன் இந்தப் படையைத் திரும்ப அழைக்கக் கோரி ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். 1919 பிப்ரவரியில் வாக்கெடுப்பு, 33-க்கு 33. துணை ஜனாதிபதி தன் ஒரு ஓட்டைப் போட்டுத்தான் தோற்கடித்தார். ஆனால் சில நாளிலேயே, பனி விலகியதும் திரும்ப அழைத்துக்கொள்கிறோம் என்று அரசு அறிவித்துவிட்டது.

கனடாவில் இன்னும் நேரடியாக நடந்தது. 1918 டிசம்பர் 21, விக்டோரியா நகரம். சைபீரியாவுக்குக் கப்பலேற நடந்து போய்க்கொண்டிருந்த படையில், கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட கியூபெக் பையன்கள் நடுத்தெருவில் நின்றுவிட்டார்கள். போர் முடிந்து ஆறு வாரம் ஆகிறது, பிரெஞ்சு பேசுகிற அந்தப் பண்ணைப் பையன்களுக்கு சைபீரியா எந்தத் திசை என்றுகூடத் தெரிந்திருக்காது. மற்ற சிப்பாய்களின் இடுப்பு பெல்ட்டைக் கழற்றச் சொல்லி, அதாலேயே இவர்களை அடிக்க வைத்து, துப்பாக்கிமுனை ஈட்டியைக் காட்டித்தான் கப்பல்வரை நடத்திப் போனார்கள். கொஞ்ச மாதத்தில் அந்தப் படை பெரிய சண்டை எதுவும் போடாமலே திரும்பி வந்தது.

பிரான்சு கதை வேறு மாதிரி. 1919 ஏப்ரல், கருங்கடல், செவஸ்தபோல். ஈஸ்டர் ஞாயிற்றுக்கிழமை அன்று கப்பலில் கரி ஏற்றும் வேலை என்று உத்தரவு. கரித்தூசியில் நாள் முழுக்கக் கிடக்க வேண்டிய வேலை, அதுவும் பண்டிகை அன்று, அதுவும் யாரோடு சண்டை என்றே தெரியாத ஒரு கடலில். 'பிரான்சு', 'ஜான் பார்' என்ற இரண்டு போர்க்கப்பல்களிலும் மாலுமிகள் செங்கொடி ஏற்றினார்கள். கேட்டது முதலில் ஒன்றே ஒன்று, எங்களை ஊருக்குக் கொண்டுபோங்கள். 'பிரான்சு' கப்பல் அந்த வாரமே திரும்பியது. ஆனால் கலகம் செய்தவர்களைச் சும்மா விடவில்லை. அதே சமயம் வேறொரு கப்பலில் சதி செய்ததாகப் பிடிபட்ட ஆந்திரே மார்த்திக்கு 20 வருஷக் கடுங்காவல், 1923-இல்தான் மன்னிப்பு கிடைத்தது.

தென்கரை:

எல்லாம் சரி, ஆனால் டீச்சர் கேட்ட இரண்டாவது கேள்விக்கு யாரும் வரவில்லை. அதனால் மாறியதா?

அண்ணாச்சி சொன்ன ஜாலி ஜார்ஜ் 1920 மே. ஆங்கிலேயப் படை ஆர்க்காங்கெல்ஸ்கை விட்டது 1919 செப்டம்பர், மூர்மான்ஸ்கை விட்டது அக்டோபர். நவம்பரில் கொல்சாக் ஓம்ஸ்க் நகரத்தை இழந்தார். அந்த மாதமே இங்கிலாந்துப் பிரதமர் லாயிட் ஜார்ஜ் இனி இதில் காசு போட முடியாது என்கிற மாதிரி வெளிப்படையாகப் பேசிவிட்டார். கிளம்பினவர்கள் வெள்ளைப் படை தோற்றதால் கிளம்பினார்கள், கையில் காசு இல்லாததால் கிளம்பினார்கள். தொழிலாளிகள் நிறுத்தினார்கள் என்று பையனிடம் சொல்லிக்கொடுத்தால் அது பாதி உண்மைதான்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. போலந்தின் பக்கத்திலிருந்தும் பாருங்கள். மே மாதம் கீவ் வரை போனது போலந்து, அது ஆக்கிரமிப்பு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆகஸ்டில் செம்படை வார்சா வாசலில் நின்றது. அந்த நேரத்தில் டான்சிக் துறைமுகத்துத் தொழிலாளிகள் போலந்துக்கு வந்த ஆயுதத்தை இறக்க மறுத்தார்கள். பெரும்பாலும் ஜெர்மானியர்கள், அவர்களுக்குப் போலந்தின்மேல் வேறு கோபமும் இருந்தது. புதிதாகப் பிறந்த ஒரு நாட்டுக்கு இருந்த ஒரே கடல்வாசலும் அடைத்துக்கொண்டது. இந்த அனுபவத்துக்குப் பிறகுதான் சொந்தமாக ஒரு துறைமுகம் வேண்டும் என்று கிடினியா என்ற மீனவக் கிராமத்தில் புதுத் துறைமுகம் கட்டினார்கள். லண்டன்காரனுக்கு அது போர் எதிர்ப்பு, வார்சாவில் இருந்தவனுக்குக் கழுத்தில் கயிறு. இரண்டையும் சொல்லாமல் இந்தப் பாடத்தை முடிக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

துறைமுகத்தான்:

தம்பி தென்கரை, தேதி விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி, நான் அவசரத்தில் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டேன். டான்சிக் விஷயமும் நியாயம்.

ஆனால் காசு இல்லாததால் கிளம்பினார்கள் என்பதை நான் அப்படியே விட மாட்டேன். காசு ஏன் பத்தவில்லை, ஆள் ஏன் பத்தவில்லை என்று கேளுங்கள். 1919 தொடக்கத்தில் இங்கிலாந்துப் போர்த்துறை தன் படைத் தளபதிகளுக்கு ஒரு ரகசியச் சுற்றறிக்கை அனுப்பியது. உங்கள் கீழ் இருக்கும் சிப்பாய்கள் வேலைநிறுத்தத்தை அடக்கச் சொன்னால் செய்வார்களா, வெளிநாட்டுக்கு, குறிப்பாக ரஷ்யாவுக்கு, அனுப்பினால் போவார்களா என்று அதில் கேட்டிருந்தது. மே மாதம் டெய்லி ஹெரால்டு பத்திரிகை அதைப் போட்டு உடைத்துவிட்டது. உலகப் போரை ஜெயித்த ஒரு பேரரசு தன் சிப்பாயைப் பார்த்து நீ வருவாயா என்று திருட்டுத்தனமாக விசாரிக்கிறது! அந்த வருஷம் வடக்கு ரஷ்யாவுக்குப் போன புதுப் படைக்குப் பெரும்பாலும் விருப்பம் தெரிவித்தவர்களைத்தான் எடுத்தார்கள். போர்த்துறை மந்திரி சர்ச்சிலுக்கு ஆசை மலையளவு இருந்தது. அனுப்பத்தான் ஆள் இல்லை.

1920 ஆகஸ்டில் போலந்துக்காக ரஷ்யாவோடு நேரடிப் போர் வரும்போல இருந்தபோது லேபர் கட்சியும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து செயற்குழு அமைத்து, போர் என்றால் நாடு முழுக்க வேலைநிறுத்தம் என்றார்கள். ஆகஸ்ட் 13 அன்று வெஸ்ட்மின்ஸ்டரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் கூடினார்கள். போர் வரவில்லை. வார்சாவில் போலந்து தானாகவே ஜெயித்ததால் அந்த மிரட்டலைச் சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே வரவில்லை என்று நீங்கள் சொல்வீர்கள், அதுவும் உண்மைதான்.

நெய்தல்:

எல்லோரும் ஐரோப்பா, அமெரிக்காவிலேயே நிற்கிறீர்கள். ரஷ்யாவுக்கு அதிகமாகப் படை அனுப்பியது ஜப்பான், 70,000 பேருக்கு மேல். விளாடிவோஸ்டாக்கை விட்டது 1922-இல்தான். அங்கே என்ன நடந்தது தெரியுமா?

1918 ஜூலை, தொயாமா பகுதியில் உவோசு என்று ஒரு மீனவ ஊர். ஆண்கள் பலர் மீன்பிடிக்க வெகுதூரம் போயிருந்தார்கள். வீட்டில் அரிசி இல்லை, விலை ஏறிக்கொண்டே போகிறது, ஆனால் கண்ணெதிரே தங்கள் ஊர்க் கரையிலேயே அரிசி மூட்டைகளை வெளியூருக்குக் கப்பலில் ஏற்றுகிறார்கள். பெண்கள் கூட்டமாகக் கரைக்குப் போய் ஏற்றாதே என்று தடுத்தார்கள். மூட்டை சுமக்கிற கூலிவேலைக்கு அந்த ஊர்ப் பெண்களே போவதுண்டு, அதனால் அந்த அரிசியின் கனம் அவர்களுக்குத் தெரியும். சைபீரியாவுக்குப் படை போகப் போகிறது, ராணுவம் அரிசி வாங்கும் என்று வியாபாரிகள் பதுக்கியதுதான் விலை எகிறியதற்கு ஒரு பெரிய காரணம். ஆகஸ்ட் தொடக்கத்தில் படை அனுப்பும் அறிவிப்பு வந்ததும் கலவரம் ஊர் ஊராகப் பரவியது, அடக்க ராணுவத்தை இறக்கினார்கள், செப்டம்பரில் பிரதமர் தெராவுச்சியின் அமைச்சரவையே போய்விட்டது.

அந்தப் பெண்கள் போருக்கு எதிராகக் கோஷம் போட்டார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கேட்டது அரிசி. படையும் அதனால் திரும்பவில்லை, இன்னும் நாலு வருஷம் அங்கேதான் இருந்தது. ஆனால் தூர தேசத்துச் சண்டை முதலில் தொடுவது யாருடைய அடுப்பை என்று கேட்டால் நான் உவோசுவைத்தான் காட்டுவேன். எங்கள் அம்மாவும் மீன் விற்றவர்தான். இதைப் படித்தபோது அன்றைக்கு வேறு வேலை ஓடவில்லை.

வரலாறு_டீச்சர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு வரிப் பாடத்துக்குள் இவ்வளவு பேர் நின்றுகொண்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இன்று நான்காம் பீரியடில் சொல்லிவிட்டேன். கரும்பலகையில் உலக வரைபடம் வரைந்து விக்டோரியா, சியாட்டில், லண்டன், டான்சிக், செவஸ்தபோல், உவோசு எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தேன். தென்கரை சொன்ன தேதிகளையும் பக்கத்தில் எழுதினேன், மறைக்கவில்லை. அந்தப் பையன் ரொம்ப நேரம் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஆறும் கடலோரமா இருக்கே மிஸ்" என்றான். அப்புறம் விக்டோரியாவில் பெல்ட்டால் அடித்த சிப்பாய்களைப் பற்றிக் கேட்டான். அடிச்சவங்களும் அதே கப்பல்லதான் போனாங்களா என்று.

பனிக்காடு, அதற்குப் பதில் உங்களிடம்தான் கேட்க வேண்டும்.

பனிக்காடு:

ஆமாம் டீச்சர். டீஸ்டா என்று அந்தக் கப்பலுக்குப் பெயர். ஒரே கப்பல்தான்.