நட்டோ நூல் விடவே மாட்டேன் என்கிறது, உதவுங்கள்

சைத்தாமாவாசி:
ஜப்பான் வந்து நாலு வருடம். நட்டோ (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்யும், நூல் விடும் ஜப்பானிய உணவு) பழகிவிட்டதால் வீட்டிலேயே செய்ய இறங்கினேன். இரண்டு தடவையும் சொதப்பல். நம்மூரில் சாதம் நூல் விட்டால் கொட்டுவோம். இங்கே நூல் விடவில்லை என்று புலம்புகிறேன்!

300 கிராம் சிறு சோயாவை 18 மணி நேரம் ஊறவைத்து, குக்கரில் 10 நிமிடம் வேகவைத்தேன். நன்றாக ஆறியதும் கடை நட்டோ ஒரு ஸ்பூன் கலந்து, டப்பாவை இறுக மூடி, யோகர்ட் மேக்கரில் 40 டிகிரி, 24 மணி நேரம். திறந்தால் மூடியெல்லாம் நீர் முத்து. கிளறினால் ஒன்றிரண்டு இழை, அதுவும் அறுந்துபோகிறது. கடை நட்டோ பழசோ?

மிசோபித்தன்:
கடை நட்டோவைத் திட்டாதீர்கள், மூடிதான் வில்லன். நட்டோ பாக்டீரியாவுக்குக் காற்று வேண்டும். இட்லி மாவு போல மூடிவைத்தால் ஆகாது. அந்தக் காலத்தில் வைக்கோலில் பொதிந்தார்களே, அது காற்றும் விடும், ஈரத்தையும் இழுக்கும். பயறை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் குவிக்காமல் பரப்புங்கள். மேலே கிச்சன் பேப்பர், அதற்கு மேல் மூடியைச் சும்மா சாய்த்து வையுங்கள்.

தயிர்சாதம்:
10 நிமிடம் போதவே போதாது. கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் வைத்தால் நசுங்க வேண்டும். தண்ணீரில் மூழ்கடிக்காமல், தட்டு வைத்து ஆவியில் 40 நிமிடம் விடுங்கள்.

அப்புறம், ஏன் ஆறவிட்டீர்கள்? நட்டோ பாக்டீரியாவின் வித்துகள் (ஸ்போர்கள்) கொதிசூட்டைக் கொஞ்ச நேரம் தாங்கும், மற்ற கிருமிகளில் பெரும்பாலானவை தாங்காது. கொதிக்கவைத்த நீரில் நட்டோவைக் கரைத்து, பயறில் ஆவி பறக்கும்போதே ஊற்றிக் கிளறுங்கள். டப்பா, ஸ்பூன் எல்லாவற்றுக்கும் வெந்நீர்க் குளியல். பழைய இரண்டு ஈடும் குப்பைக்கு, ருசி பார்க்க வேண்டாம்.

சைத்தாமாவாசி:
வந்துவிட்டது! 22 மணி நேரத்தில் பயறு மேல் சாம்பல் பூசியது போல வெள்ளைப் படலம், ஸ்பூனைத் தூக்கினால் முழ நீளத்துக்கு நூல். ஆனால் மூக்கைத் துளைக்கும் அமோனியா வாடை.

தயிர்சாதம்:
கொஞ்சம் அதிகமாகப் புளித்துவிட்டது. அடுத்த தடவை 20 மணியில் எடுத்துவிடுங்கள். எடுத்ததும் சாப்பிடாமல் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வையுங்கள், ருசி கூடும். சாப்பிடும்போது கராஷி (ஜப்பானியக் காரக் கடுகு விழுது) கொஞ்சம் தாராளமாக.

மிசோபித்தன்:
ஒன்று மட்டும். மிசோவுக்கு (புளித்த சோயா விழுது) வேண்டிய கோஜி பூஞ்சையை வளர்க்கும் எண்ணம் இருந்தால் அதே டப்பாவும் துணியும் வேண்டாம். கோஜி போட்டுச் செய்யும் சாக்கே என்ற அரிசி மதுவை வடிக்கும் பருவத்தில் அந்த வேலைக்காரர்கள் நட்டோவைத் தொடவே மாட்டார்கள், கோஜி கெட்டுவிடும் என்று.