ஃபார்வர்டுக்கும் ரீடைரக்டுக்கும் ஒரே சொல் வேண்டாமே

வணக்கம். ரூட்டிங், ஃபார்வர்ட், ரீடைரக்ட் மூன்றையும் 'வழிசெலுத்தல்' என்றே தமிழில் எழுதிவிடலாம் என்று நம் கலைச்சொல் குழுவின் போன மடலில் ஐயா ஒருவர் சொல்லியிருந்தார். எனக்கு ஒப்பவில்லை. காரைக்குடியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஜாவா வெப் சொல்லித்தருகிறேன், அவர்கள் தடுமாறுவதே இந்த இடத்தில்தான்.

பயிற்சிக்கு ஆத்தங்குடிக் கல் ஆர்டர் எடுக்கிற செயலி ஒன்று செய்யச் சொல்வேன். படிவம் வந்ததும் சர்வர் ஆர்டரைப் பதிந்துவிட்டு நன்றிப் பக்கத்துக்கு ஃபார்வர்ட் செய்கிறது, அதாவது தனக்குள்ளேயே கோரிக்கையை அந்தப் பக்கத்துக்குத் தள்ளிவிடுகிறது என்று வையுங்கள். பிரவுசருக்கு இது தெரியவே தெரியாது, பழைய முகவரியே மேலே நிற்கும், ரெஃப்ரெஷ் அழுத்தினால் அதே போஸ்ட் (படிவத்தை அனுப்பும் கோரிக்கை) மறுபடி போய் (எச்சரிக்கை வரும், யார் படிக்கிறார்கள்?) ஆர்டர் இரண்டாகிவிடும். ரீடைரக்ட் என்றால் சர்வர் 302 (வேறிடம் போ என்பதற்கான எண்) என்று பதில் சொல்லி வேறு முகவரியைக் கொடுக்கும், பிரவுசர் அங்கே புதிதாக ஒரு கெட் (பக்கத்தைக் கேட்கும் கோரிக்கை) அனுப்பும், அப்புறம் எத்தனை ரெஃப்ரெஷ் செய்தாலும் நன்றிப் பக்கம்தான். ஜாவாவில் வெப் பக்கங்கள் செய்ய உதவும் ஜேஎஸ்எஃப்-இல் ஒன்றும் சொல்லாவிட்டால் ஃபார்வர்ட்தான், அதனால் முகவரி ஒரு பக்கம் பின்தங்கியே காட்டும். 2009இல் வந்த 2.0 முதல் போகவேண்டிய பக்கத்தின் பெயரோடு 'ஃபேசஸ்-ரீடைரக்ட்=ட்ரூ' என்று ஒட்டினால் போதும், ரீடைரக்ட் ஆகிவிடும்.

நம்ம பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளுமே, அதை வைத்துத்தான் வகுப்பில் சொல்வேன். முகப்பில் நிற்பவர் கேட்டதை வீட்டார் இரண்டாங்கட்டிலிருந்து எடுத்துவந்து கொடுத்தால் ஃபார்வர்ட். 'பின்தெரு வாசலுக்கு வாங்க' என்றால் ரீடைரக்ட், வந்தவர்தான் சுற்றிப் போகவேண்டும்.

அதனால் ஃபார்வர்டுக்கு 'உள்ளனுப்பு' என்கிறேன். ஒருவர் சொன்ன 'கைமாற்று' அழகுதான், ஆனால் செட்டிநாட்டில் அதைச் சொன்னால் வட்டியில்லாமல் பணம் கேட்க வந்திருக்கிறான் என்று நினைப்பார்கள். 'உட்கடத்தல்' வேண்டவே வேண்டாம், சுங்கத்துறை ஞாபகம் வருகிறது. ரீடைரக்டுக்கு 'வழிமாற்று' விக்கிப்பீடியாவில் பழகிய சொல், அதுவே இருக்கட்டும்.

ரூட்டிங்தான் சிக்கல். 'திசைவி' நெட்வொர்க் கருவிக்குப் போய்விட்டது. ஸ்பிரிங் என்ற இன்னொரு ஜாவா கட்டமைப்பில் டிஸ்பாட்சர் சர்வ்லெட் என்ற பகுதி செய்யும் ரூட்டிங் வேறு வேலை, வந்த முகவரியைப் பார்த்து இது எந்தக் கன்ட்ரோலருக்கு (கோரிக்கையைக் கவனிக்கும் நிரல்பகுதி) என்று பிரித்துவிடுவது. பஸ்ஸுக்கு 'வழித்தடம்' ஏற்கெனவே இருப்பதால் ரூட்டுக்குத் 'தடம்', ரூட்டிங்குக்குத் 'தடம்பிரித்தல்' என்று வைக்கலாமா? டிராக்குக்கும் தடம்தானே என்று கேட்பீர்கள், இடம் பார்த்தால் புரிந்துவிடும். 'வழிசெலுத்தல்' பயனர் பக்கம் பக்கமாகப் போகும் நேவிகேஷனுக்கு மட்டும் போதும்.

இன்னொரு வசதி, உள்ளனுப்பு, வழிமாற்று, தடம்பிரி மூன்றும் ஏவலாகவும் நிற்கும், நிரலில் மெத்தட் (ஒரு வேலையைச் செய்யும் நிரல்துண்டு) பெயராக அப்படியே போடலாம்.